அடுப்படி இல்லாத வீடு

ஸ்டுட்கார்ட்,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

போன வாரம் போனில், “என்னடா, ஊர் பழகிடுச்சா? செட்டில் ஆயிட்டியா?” என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி போனைப் பிடுங்கிக்கொண்டு, ‘சாப்பிட்டியா’வில் ஆரம்பித்துக் கல்யாணப் பேச்சுக்குப் போய்விட்டார். அதனால் பதிலை எழுதியே அனுப்புகிறேன்: என் வீட்டில் இன்னும் அடுப்படி இல்லை.

பதற வேண்டாம். வீட்டுக்காரர் ஏமாற்றவில்லை. ஜெர்மனியில் பல வாடகை வீடுகள் இப்படித்தான், நாலு சுவரும் ஜன்னலும் மட்டும். அடுப்பு, மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி எல்லாம் குடிவருகிறவர் வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். நான் சாவி வாங்கிய அன்று கூரையிலிருந்து இரண்டு ஒயர்தான் தொங்கியது. முன்பிருந்தவர் விளக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டார். நம் ஊரில் குடித்தனம் மாறுகிறவர்கள் காலண்டர் மாட்டிய ஆணியையாவது விட்டுவைப்பார்கள்.

வந்தவர்கள் எல்லாம் முதல் வேலையாகச் சமையலறையை வாங்கிவிடுகிறார்கள். எனக்குத்தான் கை வரவில்லை. சில ஆயிரம் யூரோவைக் கொட்டி மேடை போட்ட பிறகு, அடுத்த வருஷமே ஊருக்குத் திரும்பும்படி ஆனால்? அந்த ‘அடுத்த வருஷ’த்தை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை இஸ்திரி போடும் மேஜை மேல் ஒரு மின்சார அடுப்பு. ரசம் கொதிக்கும்போது மேஜையும் சேர்ந்து ஆடும். பாத்திரம் கழுவுவது குளியல் தொட்டியில். முட்டி போட்டு, முதுகை வளைத்து, குக்கரின் அடியைத் தேய்த்துப் பாருங்கள், சித்தியின் முழங்கால் மேல் தனி மரியாதை வரும். குளிக்கும்போது காலடியில் ஒரு கறிவேப்பிலை மிதந்து வருவதெல்லாம் இப்போது பழகிவிட்டது.

நம் மன்னார்குடியில் இருப்புக் கொள்ளவில்லை என்றால் அதற்குக் கைமருந்து உண்டு. செருப்பை மாட்டிக்கொண்டு பந்தலடி வரை போனால் போதும். ஒரு டீ, எதிரே வருகிறவரின் ஒரு “எப்ப வந்தே?”, மனசு சரியாகிவிடும். இங்கே ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தையும் பெட்ரோல் பங்க்கையும் விட்டால் அநேகமாக எல்லாக் கடைக்கும் பூட்டு. சட்டமே அப்படி. சுவரில் துளை போடக் கூடாது. புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. காலிக் கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் போடவும் கூடாது, சத்தம் கேட்குமாம். மனசு அலைகிறவன் ஒரு ஆணி அடித்தாவது ஆறலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மிச்சமிருப்பது நடை. குடும்பம் குடும்பமாக மழைச்சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறார்கள். நானும் ரொம்ப தூரம் நடந்து பார்த்தேன், ஒரு போண்டாக் கடைகூட வரவில்லை.

நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அங்கே உங்களுக்கு ஒன்பது மணி, வாசல் கதவைத் தாழ் போட்டிருப்பீர்கள். நான் அப்போது போனில் மன்னார்குடி மழை நிலவரம் பார்த்துக்கொண்டிருப்பேன். டெல்டாவில் கனமழை என்றால், நட்டு முடிந்ததா, வடிகால் தூர் வாரினார்களா என்று எனக்கு ஒரே பரபரப்பு. இத்தனைக்கும் நமக்கு நிலம் என்று ஒரு குழிகூடக் கிடையாது. ஸ்டுட்கார்ட் வானிலையைப் பார்க்க மட்டும் தோன்றுவதில்லை. அதனால் ஆபீசுக்கு நனைந்துகொண்டே போகிறேன்.

இப்படி அலைகிறவனையும் இந்த ஊர் ஒரு விஷயத்தில் பிடித்துவைத்திருக்கிறது. கேர்வொஹே என்று ஒரு முறைவாசல். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுவிடுவார்கள். அந்த வாரம் மாடிப்படி, வாசல், நடைபாதை எல்லாம் நீங்கள்தான் பெருக்கித் துடைக்க வேண்டும். பனி பெய்தால் அதையும் தள்ள வேண்டும். ஊரைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று ஸ்டுட்கார்ட் நகரச் சட்டம் சொன்னது 1492இல், கொலம்பஸ் கப்பலேறிய அதே வருஷம். இந்தப் பெருக்குகிற கடமையை நகராட்சி 1988இல் கைவிட்டுவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தங்களிலும் எங்கள் கீழ்வீட்டுப் பாட்டியின் கண்ணிலும் அது இன்னும் அமலில் இருக்கிறது. நான் துடைத்து முடித்ததும் பாட்டி வந்து கைப்பிடிக் கம்பியில் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலை வெளிச்சத்தில் பார்ப்பார். என் மார்க் அதில்தான். அம்மா பார்த்தால் மயக்கமே போட்டுவிடுவார், வீட்டில் துடைப்பம் எந்த மூலையில் இருக்கும் என்றுகூடத் தெரியாத பிள்ளை.

பாட்டியும் உங்களைப் போலவே கேட்டார், எத்தனை நாள் இங்கே இருப்பதாக உத்தேசம் என்று. தெரியவில்லை என்றேன். “தெரியாவிட்டால் போகட்டும், சனிக்கிழமைக்குள் பெருக்கிவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ரோஷத்தில் நேற்று சமையலறை விற்கிற கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் கம்ப்யூட்டரில் என் வீட்டை வரைந்து, மேடை மேல் என்னென்ன இயந்திரம் வைப்பீர்கள் என்று கேட்டார். கிரைண்டர் என்றேன். படம் காட்டினேன். கல் உருளுமா, எவ்வளவு நேரம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டாதீர்கள் என்றார். மாவு அரைக்க அதை விட்டால் வேறு கிழமை ஏது? சனிக்கிழமை நான் மாடிப்படியில் இருப்பேன். ஆனாலும் அவர் வரைந்த படத்தை மடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். பாத்திரக் கடையில், இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், கோயம்புத்தூர்க் கிரைண்டராகவே, கல்லோடு சேர்த்து என்ன எடை என்று விசாரித்து எழுதுங்கள். ஊருக்கு வந்து திரும்பும்போது என் டிக்கெட்டுக்கு ஒரு பெட்டி, 23 கிலோ. மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விலையும் கேட்டுவையுங்கள். ஆனால் வீட்டில் மூச்சு விடாதீர்கள். அம்மாவுக்குத் தெரிந்தால், பிள்ளை அங்கேயே தங்கிவிடப் போகிறான் என்று அழ ஆரம்பித்துவிடுவார். சித்திக்குத் தெரிந்தால் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தங்கள் அன்புள்ள
அண்ணன் மகன்