ஸ்டூல் வந்துவிட்டது

2003-இல் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுச்சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இறங்க இரவு பத்தாகிவிடும். எங்கள் தளத்தில் நாற்பது பெண்கள். சூப்பர்வைசர், கல்லா, சம்பளக் கணக்கு எல்லாம் ஆண்கள்.

உட்காரக் கூடாது என்பதுதான் முதல் நாள் பாடம். ஆளே வராத மதியத்தில் கவுன்டரில் சாய்ந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்கக் கூசி, தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினோம். பக்கத்தில் நிற்கும் அக்காவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்து நெளியும். இரவு விடுதியில் சுவரில் காலைத் தூக்கி வைத்துத்தான் படுப்பாள். ஒருநாள் சேலை மடித்துக்கொண்டே அழுதாள். ஏன் என்று கேட்டோம். அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. “தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்க்கா” என்றோம். மன அழுத்தம் என்ற சொல் எங்களில் யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண், உட்காரவிடாத இந்த வழக்கத்தை எதிர்த்துக் கடைப் பெண்களைத் திரட்டிப் போராடினார். 2018-இல் கேரளம், உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. செய்தியைப் படித்த அன்று அந்த அக்காவைத்தான் நினைத்தேன்.

போன மாதம் மகளுக்குச் சேலை எடுக்கப் போனேன். கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். “கொஞ்சம் உக்காரும்மா” என்றேன். அந்தப் பெண் கூரையிலிருந்த கேமராவைப் பார்த்துவிட்டு, “பரவால்லக்கா” என்றாள். எங்கள் சூப்பர்வைசர் டீ குடிக்கப் போகும் பத்து நிமிடமாவது எங்களுக்குக் கிடைத்தது. இவளுக்கு அதுவும் இல்லை. இப்போது அந்தத் தளத்துக்குச் சூப்பர்வைசர் ஒரு பெண். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

மனம் கனத்தால் 14416-க்கு அழைக்கலாம். அரசின் இலவச உதவி எண். அன்று அந்த அக்காவுக்குக் கொடுக்க எங்களிடம் அப்படி ஒரு எண் இல்லை. ஆனால், நாள் முழுக்க நிற்கும் பெண் எந்த நேரத்தில் அழைப்பாள்?

அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது, “நீ உக்காரும்மா, வேணும்னா கூப்பிடுறேன்” என்று சொல்லுங்கள். சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள்.