ராத்திரிக்கு என்ன?

மளிகைக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம்: சீட்டோடு போகிறவர், வெறும் பையோடு போகிறவர்.

சீட்டுக்காரர் திங்கள் அடை, செவ்வாய் சேவை, புதன் சப்பாத்தி என வாரத்தையே வரிசையில் நிறுத்தியிருப்பார். அடைக்கு அரிசியும் பருப்பும் 2 மணி நேரமாவது ஊற வேண்டும் என்பது மட்டும் சீட்டில் இருக்காது.

பைக்காரர் சாயங்காலம் 6.30 மணிக்குத் தள்ளுவண்டியில் வாழைப்பூவைப் பார்த்து மயங்கிவிடுவார். வாங்க ஒரு நிமிடம். அப்புறம் ஒவ்வொரு பூவிலும் கள்ளனை உருவி, அடியிலுள்ள கண்ணாடி போன்ற செதிலைக் கிள்ளி, கறுக்காமலிருக்க மோர்த் தண்ணீரில் நறுக்கிப் போட்டு, கறைபிடித்த விரல்களோடு நிமிரும்போது மணி 8.30. உதவ உட்கார்ந்த வீட்டுக்காரருக்குப் பத்தாவது பூவிலேயே போன் வந்திருக்கும். (அந்த நேரத்தில் யார்தான் கூப்பிடுகிறார்களோ!)

பிறகு இரண்டு வீட்டிலும் ஒரே தாளிப்புச் சத்தம். ஒரு பங்கு வறுத்த ரவை, இரண்டரைப் பங்கு தண்ணீர், பதினைந்தே நிமிடத்தில் உப்புமா. முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்குத் தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. குற்ற உணர்ச்சி அதிகமுள்ளவர்கள் முந்திரியும் போடுவதுண்டு.

தெருமுனைக் கடையில் இட்லி மாவு பாக்கெட் இருக்குமே என்கிறீர்களா? அது 8 மணிக்கே தீர்ந்துவிட்டது.