சந்தியில் நிற்கும் தொழில்

வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, முழுநேர மொழிபெயர்ப்பாளன் ஆகப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தபோது என் மனத்தில் இருந்தவர் கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியில் எழுதிய காண்டேகரை நம் பக்கத்துத் தெருக்காரர்போல் ஆக்கிவிட்டவர். எனக்கு வந்து சேர்ந்ததோ மிக்சி கையேடு. ஜாருக்குள் கையை விடாதீர்கள் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் வற்புறுத்தும் இலக்கியம் அது.

“வீட்லதானே இருக்கீங்க” என்பதுதான் இப்போது என் பதவிப் பெயர். கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், மாடி முழுவதற்குமான கூரியர் எல்லாம் என் பொறுப்பு. மேல்வீட்டு மாமா இன்சூரன்ஸ் கடிதத்தோடு வருவார். கூலி ஒரு டம்ளர் காபி. அதுவும் என் வீட்டுப் பாலில், அவர் குடிப்பது.

2017-இல் ஐ.நா. பொதுச்சபை செப்டம்பர் 30-ஐப் பன்னாட்டு மொழிபெயர்ப்பு நாளாக அறிவித்தது. விவிலியத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த புனித ஜெரோமின் திருநாள் அது. ஓவியங்களில் அவர் காலடியில் ஒரு சிங்கம் படுத்திருக்கும். நம் மேஜைக்கடியில் தண்ணீர் கேன்தான்.

கூலி, சொல்லுக்கு இவ்வளவு என்று. பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைத்தான் எண்ணுவார்கள்; அதுவரை க்ஷேமம். சில புண்ணியவான்கள் தமிழை எண்ணுவார்கள். ஆங்கிலம் நாலைந்து சொல்லில் சொல்வதைத் தமிழ் ஒன்றே ஒன்றில் முடித்துவிடும். சந்தி சேர்த்து எழுதினால் குடும்பம் சந்தியில் நிற்கும். எனவே ஆளைப் பார்த்து இலக்கணம் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தை எண்ணுபவருக்கு ‘செய்துகொண்டிருக்கிறார்கள்’. தமிழை எண்ணுபவருக்கு ‘செய்து கொண்டு இருக்கிறார்கள்’. பள்ளியில் எனக்கு நன்னூல் நடத்திய தமிழய்யா இதைப் பார்த்தால் பிரம்பை எடுப்பார். பில்லைப் பார்த்தால் ஒருவேளை மன்னிப்பார்.

வக்கீல் பத்திரம் கிடைத்தால் லாபம் என்று நினைத்தேன். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவர்களாயிற்றே! ஆனால் டிராடோஸ் மாதிரி மென்பொருள்கள் இருக்கின்றன. நாம் முன்பு பெயர்த்த வாக்கியங்களை நினைவில் வைத்துக்கொண்டு, புதிய வாக்கியம் அவற்றோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று கணக்கெடுத்து ஏஜென்சிக்குச் சொல்லிவிடும். ஒப்புமை ஏற ஏறக் கூலி இறங்கும். அச்சாக அதே வாக்கியம் என்றால் பல இடங்களில் நாமம். நம் மூளையிலிருந்து எடுத்ததை வைத்து நமக்கே தள்ளுபடி போடும் இந்தச் சாமர்த்தியம் எந்த வட்டிக்கடையிலும் கிடையாது.

இந்த ஞானத்தைக் குடும்பத்திலும் பயன்படுத்திப் பார்த்தேன். “என்னங்க, குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்க” என்று மனைவி வழக்கம்போல் குரல் கொடுத்தாள்.

“ஏற்கெனவே வந்த வாக்கியத்துக்கு எங்க தொழில்ல மதிப்பே கிடையாது, தெரியுமா?” என்றேன்.

“அந்த மென்பொருளுக்கு ஒரு தடவை சொன்னா ஞாபகம் இருக்குமா?”

“ஆயுசுக்கும் இருக்கும்.”

“அப்ப அதைக் கொஞ்சம் எழுப்பி அனுப்புங்க. வண்டிக்காரன் விசில் அடிக்கிறான்.”