அச்சு நந்தனார், வார்ப்பு கிந்தனார்

அக்கா மகன் இன்ஜினியரிங் முடித்த கையோடு, "மாமா, நான் நையாண்டிப் பாட்டுப் பாடிப் பிழைக்கப் போறேன்" என்றான். வீடு எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அக்கா முறைத்தது என்னை. எங்கள் விருத்தாசலத்தில் பிள்ளைகள் எது செய்தாலும் பழி தாய்மாமன் தலையில்தான்.

"நாலு வருஷ ஃபீஸ், ஆத்துல போட்ட காசு!"

"இதே மணிமுத்தாத்துல பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்துல எடுத்தார் சுந்தரர். பேங்கு வர்றதுக்கு முன்னாடியே இங்க பணப் பரிமாற்றம் இருந்திருக்கு" என்றேன். அதற்கும் முறைத்தாள்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைத் துணைக்கு இழுத்தேன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர். 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947இல் விடுதலையானவர். வேறு யாராவது என்றால் மிச்ச ஆயுளுக்கும் சோகப் பாட்டுத்தான் பாடியிருப்பார். அவரோ 1949இல் 'நல்லதம்பி' படத்தில், நந்தனார் கதையின் நையாண்டியாகக் கிந்தனார் கதாகாலட்சேபம் செய்தார். எழுதியவர் உடுமலை நாராயண கவி.

அதன் சூட்சுமம் எங்கள் ஊர் பீங்கான் பொம்மைப் பட்டறையில் நின்றால் விளங்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் தோல் கட்டும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் இறுகியதும் அச்சைப் பிரித்தால் பொம்மை. பிள்ளையார் அச்சில் பிள்ளையார்தான் வருவார். கலைவாணர் மட்டும் நந்தனார் அச்சில் ஊற்றி ஒரு கல்வி அதிகாரியை எடுத்தார்! நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் படிக்கப் பட்டணம் போக ஏங்கினான். நந்தனார் கதைக்குக் கண்ணீர் விட்டவர்கள்தான் இதற்கு நன்றாகச் சிரித்திருப்பார்கள். அவர்களுக்குத்தானே பழைய அச்சு தெரியும்!

"அவர் காலத்து இசைத்தட்டு ஒரு பக்கம் மூணு நிமிஷமாவது ஓடும் மாமா. எனக்கு முப்பது செகண்டுக்குள்ள சிரிக்கலைன்னா விரலால தள்ளிட்டுப் போயிடுவாங்க" என்றான் பையன். தொழில் தெரிந்தவன்தான்.

முதல் வெளியீடு: மின்வெட்டு பற்றி, சுப்ரபாத மெட்டில். டிரான்ஸ்ஃபார்மரைப் பள்ளியெழுப்புகிறான். என் அம்மா, "சாமி குத்தம்டா!" என்று காதைப் பொத்திக்கொண்டார். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்ததும், "அந்த டிரான்ஸ்ஃபார்மர் கண்ணைத் தொறக்கிற இடத்தைப் போடுடா" என்று அம்மாவே கேட்டார். சுப்ரபாதம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆங்கிலப் பாட்டு மெட்டில் போட்டிருந்தால் காதையும் பொத்தியிருக்க மாட்டார், சிரித்திருக்கவும் மாட்டார்.

அக்காவும் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாள். அடுத்த பாட்டு, சீர் செய்வதாகச் சொல்லிச் சொல்லியே ஏமாற்றும் தாய்மாமனைப் பற்றியதாம். அவன் பாடும் மைக் நான் வாங்கிக் கொடுத்தது. அதைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

"அது நிஜம் மாமா, சிரிப்பு வராது" என்றான்.