மாவுக்கட்டும் மனித உரிமையும்

கே: உலகமே சித்திரவதையைத் தடை செய்துவிட்டது என்கிறார்களே, நிஜமா? (மாணவி, திருச்சி)

ப: நிஜம்தான். 1948-ல் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் 5-ஆம் பிரிவிலேயே தடை இருக்கிறது. 1984-ல் ஐ.நா. இதற்கென்றே தனி உடன்படிக்கை போட்டது. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை என்றால் அரசுகள் 'ஆனால்' போட்டு இழுக்கலாம். இதில் 'ஆனால்' கிடையாது. போர், கலவரம், நெருக்கடி நிலை எதுவும் சாக்கு ஆகாது. அதனால்தான் எந்த அரசும் "சித்திரவதை செய்தோம்" என்பதில்லை. "விசாரித்தோம்" என்கிறது.

கே: பெயரை மாற்றினால் குற்றம் மாறிவிடுமா? (வாசகர், கோவை)

ப: மாறியிருக்கிறதே! 1971-ல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷார் 14 பேரைப் பிடித்து, தலையில் துணிப்பையை மாட்டி, சுவரில் விரலை ஊன்றி மணிக்கணக்கில் நிற்கவைத்தார்கள். காதைத் துளைக்கும் இரைச்சல், தூக்கம் கிடையாது, சாப்பாடு தண்ணீர் அரைகுறை. 1978-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதை மனிதத்தன்மையற்றது, இழிவானது என்றது; ஆனால் சித்திரவதை என்று சொல்லவில்லை. இரண்டுமே தடை செய்யப்பட்டவைதான். இருந்தும் அந்தத் தீர்ப்பை 2002-ல் அமெரிக்க நீதித்துறை வக்கீல்கள் தூசி தட்டி எடுத்தார்கள். உறுப்பு செயலிழக்கும் அளவுக்கு வலித்தால்தான் சித்திரவதை என்று சி.ஐ.ஏ.வுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதற்குக் கொஞ்சம் குறைவாக வலித்தால்? கைதி கொடுத்துவைத்தவர்!

கே: ஓர் உயிரைக் காப்பாற்ற நான்கு தட்டு தட்டினால் என்ன தப்பு? (குடும்பத் தலைவி, மதுரை)

ப: இந்தக் கேள்வி 2002-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் நிஜமாகவே வந்தது. 11 வயதுச் சிறுவனைக் கடத்தியவன் பிடிபட்டான். பையன் எங்கே என்று வாய் திறக்கவில்லை. காவல்துறைத் துணைத் தலைவரின் உத்தரவுப்படி ஓர் அதிகாரி, வலி என்றால் என்னவென்று காட்டுவோம் என மிரட்டினார். அடிக்கவில்லை, மிரட்டல் மட்டும். அவன் இடத்தைச் சொன்னான். பையன் முன்பே கொல்லப்பட்டிருந்தான். அந்த இரண்டு அதிகாரிகளும் ஜெர்மன் கோர்ட்டிலேயே குற்றவாளிகள் ஆனார்கள். 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றம், மிரட்டியதே உரிமை மீறல், அவர்களுக்குத் தந்த தண்டனையும் போதாது என்றது. கொலைகாரனின் ஆயுள் தண்டனை மட்டும் அப்படியே நின்றது. கோர்ட்டில் அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்.

கே: மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்றால்? (போலீஸ்காரரின் மகன், சேலம்)

ப: உடன்படிக்கை ஒரே வரியில் கதவைச் சாத்துகிறது. செல்லாது. அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.

கே: அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டார்களே? (வாசகர், திருநெல்வேலி)

ப: அடி உதவும், பதில் வரவழைக்க. உண்மையை வரவழைக்க அல்ல. அல்-லிபி என்ற கைதி எகிப்தில் வதை தாங்காமல், சதாம் உசேனுக்கும் அல்-கொய்தாவுக்கும் தொடர்பு உண்டு என்றார். 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் அதை ஐ.நா. பாதுகாப்பு சபையில் எடுத்துவைத்தார். அடுத்த மாதம் ஈராக் போர். அதற்கு அடுத்த ஆண்டு அல்-லிபி, சொன்னதெல்லாம் பொய் என்றார்.

இது வெள்ளைக்காரனுக்கும் தெரிந்த சங்கதி. நிலவரிக்காக நம் குடியானவர்களின் விரல்களை இரண்டு குச்சிகளுக்கு நடுவே வைத்து நெரித்த 'கிட்டி'யைப் பற்றி 1855-லேயே சென்னை மாகாணத்தில் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. 1872 சாட்சியச் சட்டம், போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. கூடவே ஒரு ஓட்டையும் வைத்தது: அந்த வாக்குமூலத்தால் பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அன்று முதல் நம் ஊரில் கத்திகள் தவறாமல் புதரில் கிடைக்கின்றன.

கே: இந்தியா ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டதா? (வாசகி, தஞ்சாவூர்)

ப: 1997 அக்டோபரில் போட்டது. ஒப்புதல்தான் இன்னும் தரவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் மாற்றிவிட்டு, முகூர்த்தத்தைக் கேட்டால் ஜாதகம் பார்க்கிறோம் என்கிற கதை. 2010-ல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது; மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், பிறகு காலாவதியானது. 2017-ல் சட்ட ஆணையம் புது வரைவையும் எழுதிக் கொடுத்தது.

கே: எங்கள் நாட்டில் சட்டமே இருக்கிறது, தெரியுமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: தெரியும். இலங்கையின் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆனால் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் தந்த வாக்குமூலமே சாட்சி. அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் அடி வாங்கியவர்.

கே: குளியலறையில் கைதிகள் மட்டும் ஏன் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வருகிறார்கள்? (வாசகர், சென்னை)

ப: அந்த ஸ்டேஷன் போலீஸ்காரர்கள் எல்லாம் வீட்டிலேயே குளித்துவிட்டு வருகிறார்கள் போலிருக்கிறது.