துப்பாக்கி பாஸ், சிப்பாய் ஃபெயில்

லால்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் பாலைவனத்தில் இருக்கிறார். வீராணம் ஏரிக்கரையில் பிறந்து, வெற்றிலைக் கொடிக்காலில் விளையாடிவிட்டு, வளைகுடாவில் போய் மணலைத் தின்று சம்பாதிக்கிறவர்கள். எங்கள் தெருவில் ஒரு பாய், குவைத்தில் பல வருடம் ஜெனரேட்டர் பார்த்தவர். புழுதிக்காற்று அடித்த மறுநாள் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி கொட்டுமாம். சொல்லும்போதே உள்ளங்கையைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டுவார். "மெஷின் நின்னா மெஷினைத் திறந்து பாக்கணும் தம்பி. திறக்காமயே பையனைத் திட்டுறவன்தான் சூப்பர்வைசர்."

உலக ராணுவங்களை நடத்துவது அந்த சூப்பர்வைசர்தான்.

2003 மார்ச், இராக்கின் நாசிரியா. வழி தவறிய அமெரிக்கப் பராமரிப்புப் படைப்பிரிவு ஒன்று மாட்டிக்கொண்டது. சுடச் சுட, மணல் ஏறிய துப்பாக்கிகள் சிக்கின. 11 பேர் செத்தார்கள். ராணுவ அறிக்கை என்ன சொன்னது? பாலைவனத்தில் சிப்பாய்கள் ஆயுதத்தைச் சரியாகப் பராமரிக்காதது காரணமாக இருக்கலாமாம். செத்தவன் மறுத்துப் பேசப்போவதில்லையே!

பிறகு 2007-ல் மேரிலாண்டின் அபர்தீனில் புழுதியை அறைக்குள் வரவழைத்துச் சோதித்தார்கள். நான்கு வகைத் துப்பாக்கி, வகைக்குப் பத்து, வகைக்கு 60,000 குண்டு. எக்ஸ்.எம்.8 தடங்கியது 127 முறை. ஸ்கார் 226, எச்.கே.416 233. சிப்பாய் கையில் அன்றைக்கு இருந்த எம்-4? 882. கடைசியாக வந்தவனுக்குத்தான் வேலை! சதவீதத்தில் சொன்னால் ஒன்றரைகூட இல்லை. கோட்டு போட்டவர்களுக்கு அது போதும். சுடுகிறவன் கணக்கு வேறு. சராசரியாக 68 குண்டுக்கு ஒரு தடங்கல். முப்பது குண்டு மேகசின் என்றால் மூன்றாவது தீர்வதற்குள் ஒருமுறை துப்பாக்கி மௌன விரதம். எதிரி அந்த விரதத்தை மதிக்க வேண்டும்.

அமெரிக்காக்காரனைச் சொல்லிவிட்டு நாம் தப்ப முடியாது. நம் ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கி புனேயில் வரைந்தது, மேற்கு வங்க இஷாபூரிலும் நம் திருச்சியிலும் செய்தது. செய்த தொழிலாளியை நான் குறை சொல்லவில்லை, வரைபடத்தில் கையெழுத்து அவனுடையதல்ல. 1999-ல் கார்கில் குளிரில் மேகசின் விரிசல் விட்டது, துப்பாக்கி சிக்கியது, எண்ணெய் சிப்பாயின் கண்ணில் தெறித்தது. கூர்ந்து பாருங்கள்: உண்மையான சோதனை போர்முனையில் நடந்தது, சோதித்தவன் சம்பளத்துக்கு வந்த இருபது வயதுப் பையன்.

2005 ஆகஸ்டில் நேபாளத்தில் மாவோயிஸ்டுகளுடன் நடந்த மோதலில் 43 சிப்பாய்கள் இறந்தார்கள். நீண்ட சண்டையில் நாம் கொடுத்த இன்சாஸ் கைவிட்டது என்றது நேபாள ராணுவம். நம் பக்கத்துப் பதில் என்ன தெரியுமா? சரியாகப் பயன்படுத்தாததால் இருக்கலாம். வேண்டுமானால் பயிற்சி தருகிறோம்! பிணத்துக்கு ஓட்டுநர் உரிமம் வழங்குகிற பெருந்தன்மை.

அப்புறம் மாற்றுத் துப்பாக்கி தேடும் திருவிழா. குழலை மாற்றினால் இரண்டு அளவுக் குண்டையும் சுட வேண்டும் என்று 2011-ல் டெண்டர். ஒரே பாத்திரத்தில் பிரியாணியும் பாயசமும். 2015-ல் டெண்டர் ரத்து. 2017-ல் இஷாபூரின் புதுத் துப்பாக்கியும் சோதனையில் தோற்றது. 2019-ல் 72,400 துப்பாக்கிகளை அமெரிக்காவிலிருந்து வாங்கினோம். 2021-ல் அமேதியில் ஆறு லட்சத்துக்கும் மேல் ஏ.கே.203 செய்ய ரஷ்யாவுடன் ஒப்பந்தம். கார்கிலிலிருந்து எண்ணினால் 22 வருடம். இந்த 22 வருடத்துக்கும் சேர்த்து யார் ஃபெயில் ஆனார்? ஒருவரும் இல்லை. பராமரிக்கத் தெரியாத சிப்பாயைத் தவிர.

அடுத்த முறை 'ராஜஸ்தான் பாலைவனச் சோதனையில் புதிய துப்பாக்கி வெற்றி' என்று செய்தி வந்தால், படத்தை விட்டுவிட்டு இரண்டு எண்களைத் தேடுங்கள்: எத்தனை குண்டு சுட்டார்கள், எத்தனை முறை சிக்கியது. அமெரிக்காவில் அதையாவது வெளியே சொன்னார்கள்.