முதலில் யாரைப் பார்ப்பது?

சிதம்பரத்தில் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவும் செய்தாயிற்றா? அமெரிக்காவில் வேலை பார்க்க அது போதாது. செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் தேற வேண்டும். குறைந்தது 85 கேள்வி, கூடினால் 150. நம் தரம் பற்றி ஒரு முடிவுக்கு வந்ததும் கணினி சட்டென்று நிறுத்திக்கொள்ளும். பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்லாது. பெண் பார்த்துவிட்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்றவர்கள் யாரோ வடிவமைத்திருக்க வேண்டும்.

அடிக்கடி வரும் கேள்வி, 'நான்கு நோயாளிகளில் முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?' மூச்சுத்திணறல்காரரை என்பது புத்தக விடை. கடலூர்ப் பக்கத்து வார்டு அனுபவத்தை நம்பி எழுதினால், சுளுக்கோடு வந்த கவுன்சிலரின் மைத்துனரை என்று எழுத நேரிடும்.

தேர்வு நோயாளி பாவம், பெரும்பாலும் தனியாகப் படுத்திருக்கிறார். நம்மூரில் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நிற்கும். பாட்டில் பாதிகூட இறங்கியிராது, "சிஸ்டர், டிரிப்ஸ் தீரப்போவுது!" என்று ஒரு சித்தப்பா அலறுவார். அந்தச் சித்தப்பாவைச் சமாளிப்பது பற்றி மட்டும் ஒரு கேள்வி வைத்திருந்தால், நம் பிள்ளைகள் அசராமல் அடித்திருப்பார்கள்.